மடிக்கணினியோடு கூடவே வரும் மென்பொருள்கள்

(மாணவர், பெற்றோர் ஆலோசனைக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



மஹல்லாவின் பெரியவர்களே, முத்தவல்லிமார்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே!

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கமிருந்தெல்லாம் பஸ் பிடித்து வந்திருக்கிறீர்கள். உதவித்தொகை பற்றிய கூட்டம் என்று நினைத்து வந்தவர்களும் இருப்பீர்கள். அது அடுத்த மாதம். இன்று பேசப் போவது இந்த வருடம் நம் பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்திருக்கும் மடிக்கணினியைப் பற்றி. குறிப்பாக, அதற்குள் நாம் கேட்காமலேயே வந்து உட்கார்ந்திருக்கும் மென்பொருள்களைப் பற்றி.

"லேப்டாப் கிடைத்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இதில் பேச என்ன இருக்கிறது?" என்று சில பெற்றோர் கேட்டார்கள். இருக்கிறது. பிள்ளையின் உதவித்தொகை விண்ணப்பம், அத்தாவின் வங்கிக் கணக்கு, பெரியவர்களின் ஹஜ் விண்ணப்பம், வக்ஃப் சொத்து விவரம் ஏற்றிய உமீத் தளம், எல்லாவற்றையும் இப்போது ஒரே ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறோம். அந்த ஜன்னலை யார் பொருத்தினார்கள், அதற்கு யார் யாருக்குப் பணம் கொடுத்தார்கள், நமக்கு வேண்டாமென்றால் மாற்ற முடியுமா என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டாமா?

அந்த ஜன்னலுக்குப் பெயர் பிரவுசர். தமிழில் உலாவி என்கிறார்கள். நம் ஊருக்கு இந்த வார்த்தை புதிதல்ல. பஸ் நிலையத்தைச் சுற்றி 'பிரவுசிங் சென்டர்' போர்டுகள் மாட்டியிருந்த காலம் நமக்கெல்லாம் நினைவிருக்கும். மணிக்கு இவ்வளவு ரூபாய் என்று கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்வோம். திரையில் நீல நிறத்தில் ஓர் ஆங்கில 'இ' எழுத்து இருக்கும். அதை அழுத்தினால் இன்டர்நெட் வரும். அந்த 'இ'தான் இன்டர்நெட் என்றே பலரும் நினைத்தோம். இன்று "கூகுள் ஓப்பன் ஆகவில்லை" என்று சொல்லி நம் உதவி மேசைக்கு வருகிறவர்களும் அப்படித்தான். கூகுள் என்பது ஒரு கம்பெனி. அந்தக் கம்பெனியின் தேடல் பக்கம் வேறு, குரோம் என்ற பிரவுசர் வேறு, இன்டர்நெட் வேறு. மூன்றும் ஒன்று என்று மக்கள் நினைப்பது அந்தக் கம்பெனிகளுக்குப் பெரிய லாபம்.

நீல 'இ'யின் பெயர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். மைக்ரோசாஃப்ட் கம்பெனி 1995-இல் கொண்டு வந்தது. அதற்கு முன்பே நெட்ஸ்கேப் என்றொரு பிரவுசர் உலகம் முழுக்கப் பிரபலமாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது என்றால், தன் பிரவுசரை விண்டோஸுக்குள்ளேயே சேர்த்து இலவசமாகக் கொடுத்தது. கம்ப்யூட்டர் வாங்கினால் விண்டோஸ் இருக்கும், விண்டோஸ் இருந்தால் 'இ' இருக்கும். வேறொன்றைத் தேடிப் போக யாருக்குத் தோன்றும்? நெட்ஸ்கேப் சரிந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசும் பல மாநிலங்களும் சேர்ந்து மைக்ரோசாஃப்ட் மீது வழக்குப் போட்டன. 2000 ஜூன் மாதம் நீதிபதி தாமஸ் பென்ஃபீல்ட் ஜாக்சன், கம்பெனியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்றே தீர்ப்புச் சொன்னார். 2001-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரிக்கும் உத்தரவை ரத்து செய்தது. ஆனால் சட்டத்துக்குப் புறம்பாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்ற முடிவை மாற்றவில்லை. பிறகு சமரசம் ஆனது. நெட்ஸ்கேப் திரும்பி எழவில்லை. அது 1998-இல் வெளியிட்ட மூல நிரல்தான் மொசில்லா என்ற திட்டமாகி, 2004-இல் ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசராக வந்தது.

இதில் நாம் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. போட்டி ஓய்ந்த பிறகு என்ன நடந்தது? 2001-இல் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. அடுத்த பதிப்பு வந்தது 2006-இல். ஐந்து வருடம். எதிரில் கடை இல்லையென்றால் வியாபாரி ஏன் கடையைச் சுத்தம் செய்யப் போகிறார்? அந்தப் பழைய பிரவுசரை நம்பியே பல அரசு, வங்கித் தளங்களும் கட்டப்பட்டன. 'இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் சரியாகத் தெரியும்' என்று பக்கத்தின் அடியில் எழுதியிருப்பார்கள். வேறு பிரவுசரில் போனால் பட்டன் வேலை செய்யாது. கடைசியில் 2022 ஜூன் 15 அன்று அந்த 'இ'யை மைக்ரோசாஃப்டே ஓய்வு பெறச் செய்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் எட்ஜ் இருக்கிறது. பழைய தளங்கள் சில இன்னும் 'இ'யைக் கேட்டால், எட்ஜுக்குள்ளேயே அதற்கென்று ஒரு தனி முறை வைத்திருக்கிறார்கள்.

ஐரோப்பாவில் கொஞ்சம் கண்டிப்பாக நடந்துகொண்டார்கள். அங்கே 2010 மார்ச் முதல் விண்டோஸில் ஒரு பக்கம் வரும். 'இத்தனை பிரவுசர்கள் உள்ளன, உங்களுக்கு எது வேண்டும்?' என்று கேட்கும். 2011 மே முதல் 2012 ஜூலை வரை அந்தப் பக்கம் 1.5 கோடிப் பேருக்கு வரவேயில்லை. தொழில்நுட்பத் தவறு என்றது மைக்ரோசாஃப்ட். 2013 மார்ச்சில் 56 கோடியே 10 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டதற்கு இவ்வளவு அபராதம்! மக்களிடம் கேட்டால் மக்கள் தேர்ந்தெடுப்பார்கள், கேட்காவிட்டால் இருப்பதையே வைத்துக்கொள்வார்கள் என்பது கம்பெனிக்கும் தெரியும், அரசுக்கும் தெரியும்.

"இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நம் நாட்டில் யார் கேட்கப் போகிறார்கள்?" என்று நினைக்க வேண்டாம். நம் நாட்டிலும் கேட்டார்கள். பெரிய கம்பெனி எதுவும் கேட்கவில்லை. 2018-இல் இரண்டு இளம் ஆய்வாளர்களும், சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவரும் சேர்ந்து இந்தியப் போட்டி ஆணையத்தில் ஒரு புகார் கொடுத்தார்கள். 'உமர் ஜாவீத் மற்றும் பலர் எதிர் கூகுள்' என்பது அந்த வழக்கின் பெயர். ஆண்ட்ராய்டு போன் தயாரிக்கும் கம்பெனிகள் பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் தேடல், குரோம், யூடியூப், மேப் என்று மொத்தக் கட்டையும் ஏற்றித்தான் ஆக வேண்டும், வாங்கியவர் அவற்றை நீக்கவும் முடியாது என்பதே புகாரின் சாரம். 2022 அக்டோபர் 20 அன்று ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. கூகுள் மேல்முறையீடு செய்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவை நிறுத்தி வைக்க மறுத்தது. அதே மாதம் 25-ஆம் தேதி, இந்தியாவில் போன் கம்பெனிகள் தனித்தனி ஆப்களாக வாங்கிக்கொள்ளலாம், புது போனை அமைக்கும்போது தேடல் நிறுவனத்தை வாங்கியவரே தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. மார்ச் மாதம் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சில நிபந்தனைகளை நீக்கினாலும் அபராதத்தை அப்படியே உறுதி செய்தது.

சட்டம் படிக்கும் பிள்ளைகள் இங்கே இரண்டு மூன்று பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த உத்தரவைத் தேடி எடுத்துப் படியுங்கள். ஆணையத்தின் தளத்திலேயே இருக்கிறது. ஒரு மாணவரின் பெயர் உலகத்தின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்றின் பெயருக்கு எதிரே இருக்கிறதே, அதைப் பார்ப்பதற்காகவாவது படியுங்கள்.

சரி, ஒரு பிரவுசரையோ தேடல் பக்கத்தையோ முன்கூட்டியே வைப்பதற்கு ஏன் இத்தனை போட்டி? இலவசமாகத்தானே தருகிறார்கள்? இதற்கான விடை 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பில் வெளிவந்தது. தன் தேடல் பக்கமே முதலில் வர வேண்டும் என்பதற்காக, 2021 ஒரு வருடத்தில் மட்டும் கூகுள் மற்ற கம்பெனிகளுக்கு 2,600 கோடி டாலருக்கும் மேல் கொடுத்திருக்கிறது. இந்தப் பணம் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்குப் போனது. நமக்கு ஒரு பைசா வரவில்லை. ஆனால் விற்கப்பட்ட சரக்கு நாம்தான், நம் கண்ணும் நம் பழக்கமும்தான். பெரும்பாலானவர்கள் இருப்பதை மாற்ற மாட்டார்கள் என்ற ஒரே நம்பிக்கையில் கொடுத்த பணம் அது.

மதரஸாவில் வியாபாரப் பாடம் ஓதியவர்களுக்கு இங்கே ஒன்று நினைவுக்கு வரும். ஒரே வியாபாரத்துக்குள் இரண்டு வியாபாரம் கூடாது என்று ஃபிக்ஹில் ஒரு பகுதி உண்டு. அதற்கு என்ன பொருள் என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. 'இதை உனக்குத் தருகிறேன், ஆனால் நீ இன்னொரு கொடுக்கல் வாங்கலுக்கும் சம்மதிக்க வேண்டும்' என்று நிபந்தனை போட்டுக் கட்டுவதையே அது குறிக்கும் என்பது ஒரு விளக்கம். நாங்கள் இங்கே ஃபத்வா சொல்ல வரவில்லை, அது ஆலிம்களின் வேலை. ஆனால் கட்டி விற்பதில் வாங்குகிறவனுக்கு ஒரு சங்கடம் இருக்கிறது என்பதை நம் உஸ்தாதுமார்கள் கம்ப்யூட்டர் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே பாடமாக நடத்தியிருக்கிறார்கள்.

இனி நம் பிள்ளைகளின் கையில் இருக்கும் மடிக்கணினிக்கு வருவோம்.

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. எல்காட் நிறுவனம் வாங்கிக் கொடுத்தது. அந்த மடிக்கணினிகள் இன்றும் பல வீடுகளில் பீரோ மேலே கிடக்கின்றன. அவற்றைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். அந்தக் கணினிகளில் பலவற்றைத் திறந்தால் முதலில் ஒரு கேள்வி வரும்: விண்டோஸா, பாஸ் லினக்ஸா? நம் பிள்ளைகள் பலர் 'அது ஏதோ குப்பை' என்று சொல்லி முதல் வாரத்திலேயே பாஸ் லினக்ஸை அழித்துவிட்டு, அந்த இடத்தில் சினிமா ஏற்றினார்கள். அது குப்பையல்ல. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம், லைசென்ஸ் பணம் இல்லாதது, தமிழில் இயங்கக்கூடியது. 2014-இல் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழ்நாடு அரசு தன் அலுவலகங்களையே பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது.

இந்த ஆண்டு ஜனவரி 5 அன்று, கல்லூரி மாணவர்களுக்கு 'உலகம் உங்கள் கையில்' என்ற பெயரில் அடுத்த திட்டம் தொடங்கியது. இதிலும் விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ் இரண்டும் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் இருக்கிறது. பெர்ப்ளெக்சிட்டி என்ற செயற்கை நுண்ணறிவுத் தேடல் சேவையின் 6 மாதச் சந்தாவும் கூட வருகிறது. அரசு கொடுத்தது நல்ல பொருள், நன்றியோடு வாங்கிக்கொள்வோம். கூடவே ஒன்றையும் மனதில் வைப்போம். 6 மாதம் இலவசம் என்றால் ஏழாவது மாதம் என்ன? பழகிய பிறகு விட மனம் வராது. அதுதான் கணக்கு. பிள்ளைகளே, பயன்படுத்துங்கள், படிப்புக்குக் கேள்வி கேளுங்கள். ஆனால் சந்தா தொடர வேண்டும் என்று எந்தப் பக்கமாவது அத்தாவின் கார்டு எண்ணைக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

பிரவுசரைப் பொறுத்தவரை, விண்டோஸ் உள்ள கணினியில் எட்ஜ் ஏற்கெனவே இருக்கும். எட்ஜ் கெட்டது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இதே விண்டோஸ் 11, இதே எட்ஜ். ஜெர்மனியிலோ பிரான்சிலோ உள்ளவர் வேண்டாமென்றால் எட்ஜை முழுதாக நீக்கிவிடலாம். 2024 மார்ச்சில் ஐரோப்பாவின் டிஜிட்டல் சந்தைச் சட்டம் முழுமையாக அமலுக்கு வந்ததால் கிடைத்த உரிமை அது. தருமபுரியில் உள்ளவருக்கு அந்த நீக்கும் பட்டன் கிடையாது. மென்பொருளால் முடியாததல்ல, நமக்கு அதைக் கொடுக்கச் சொல்லும் சட்டம் இங்கே இல்லை. 2024 மார்ச்சில் நம் மத்திய அரசும் டிஜிட்டல் போட்டி மசோதா என்று ஒரு வரைவை வெளியிட்டது. அது வரைவாகத்தான் வந்தது.

நீக்க முடியாவிட்டாலும் ஒதுக்கி வைக்கலாம். செட்டிங்ஸ் திறந்து ஆப்ஸ், அதற்குள் டிஃபால்ட் ஆப்ஸ் போய், உங்களுக்கு வேண்டிய பிரவுசரின் பெயரை அழுத்தினால் மேலே 'செட் டிஃபால்ட்' என்று இருக்கும். ஒரு அழுத்து, அவ்வளவுதான். அதன் பிறகு எந்த லிங்கை அழுத்தினாலும் அந்த பிரவுசரில் திறக்கும்.

எதை வைத்துக்கொள்வது? எங்களிடம் அதிகம் கேட்கும் கேள்வி இது. குரோம், எட்ஜ், ஓபரா, பிரேவ் இவை நான்கும் பெயரளவில்தான் வேறு. உள்ளே ஓடும் இன்ஜின் கூகுளின் குரோமியம். எட்ஜும் 2020-இல் அதற்கு மாறிவிட்டது. நாலு கடை போர்டு, மாவு ஒரே கிரைண்டரில் அரைத்தது. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் சொந்த இன்ஜினில் ஓடுகிறது. தமிழிலும் உருதுவிலும் அதன் மெனுவை வைத்துக்கொள்ளலாம். வீட்டில் உருது பேசி, பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நம் ஊரில் நிறைய. அவர்களின் தாதிமா கூடப் படித்துப் புரிந்துகொள்ள முடியும்.

எங்கள் யோசனை: வீட்டுக் கணினியில் இரண்டு பிரவுசர் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வங்கி, உதவித்தொகை, ஹஜ், வருமானச் சான்றிதழ் போன்ற காரியங்களுக்கு மட்டும். அதில் கூடுதல் எக்ஸ்டென்ஷன் எதையும் ஏற்றாதீர்கள், யூடியூப் பார்க்காதீர்கள். அரசுத் தளங்கள் பெரும்பாலும் குரோமிலோ எட்ஜிலோதான் சோதித்துப் பார்க்கப்படுகின்றன. ஆகவே அதற்கு எட்ஜே போதும். எப்படியும் இருக்கிறது, நீக்கவும் முடியாது. இன்னொன்று படிப்புக்கும் மற்ற எல்லாவற்றுக்கும். அதற்கு ஃபயர்ஃபாக்ஸைச் சொல்வோம். காரணம் பிள்ளைகள் இருக்கும் வீடு. பாடம் தேடப் போனாலும் பக்கத்தில் ஆபாச விளம்பரம் வந்து நிற்கிறது, தாய்மார்களுக்குத் தெரியும். அதைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற இலவச எக்ஸ்டென்ஷன் முன்பு குரோமிலும் வேலை செய்தது. கூகுள் தன் எக்ஸ்டென்ஷன் விதிகளை மாற்றிய பிறகு, அந்த முழுப் பதிப்பு குரோமில் நின்றுவிட்டது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் கம்பெனியின் பிரவுசரில் விளம்பரத் தடுப்பான் பலவீனப்பட்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஃபயர்ஃபாக்ஸில் இன்றும் முழுதாக வேலை செய்கிறது.

ஃபயர்ஃபாக்ஸை இறக்கும்போது ஒரு எச்சரிக்கை. தேடலில் பெயரை அடித்ததும் மேலே வரும் முதல் லிங்கை அழுத்தாதீர்கள். 'ஸ்பான்சர்டு' என்று சிறிய எழுத்தில் இருந்தால் அது பணம் கொடுத்து வந்தது. மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். 'இலவச மென்பொருள்' என்று கொடுக்கும் சில தளங்கள், கேட்டதோடு கேட்காத நாலைந்தையும் சேர்த்துப் பொதி கட்டிக் கொடுக்கும். நாம் 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட்' என்று அழுத்திக்கொண்டே போனால், முகப்புப் பக்கம் மாறும், தேடல் பக்கம் மாறும், விளம்பரம் கொட்டும். ஒவ்வொரு பக்கத்திலும் டிக் போட்டிருக்கும் பெட்டியைப் படித்து, வேண்டாததை எடுத்துவிட்டு அடுத்ததை அழுத்துங்கள். அவசரம் வேண்டாம்.

கடையில் காசு கொடுத்து வாங்கும் கணினிகளிலும் இந்தக் கட்டு இருக்கிறது. அதில் மிக மோசமான ஒன்றைச் சொல்கிறோம். 2014-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் லெனோவா கம்பெனி வெளியிட்ட சில மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருளை ஏற்றி விற்றார்கள். அது என்ன செய்தது? நீங்கள் வங்கிக்கு எழுதும் கடிதத்தை உறையில் போட்டு அரக்கு முத்திரை வைத்து அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் அதைப் பிரித்துப் பார்த்து, அதேபோல் ஒரு போலி முத்திரை வைத்து ஒட்டி அனுப்பினால் எப்படி இருக்கும்? பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான பக்கத்துக்குள்ளேயே விளம்பரம் காட்டுவதற்காக அந்த வேலையைச் செய்தது. அதற்கும் மேலே, எல்லாக் கணினியிலும் அந்தப் போலி முத்திரை ஒன்றே. அது வெளியே தெரிந்ததும் எந்தத் திருடனும் பயன்படுத்தலாம் என்ற நிலை. 2015 பிப்ரவரியில் விஷயம் வெடித்தது. அமெரிக்க அரசே அதை நீக்கச் சொல்லி எச்சரித்தது. லெனோவா நீக்கும் கருவியை வெளியிட்டது. 2017-இல் 32 மாநிலங்களுக்கு 35 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. நல்ல பெயருள்ள கம்பெனி, சீல் உடைக்காத பெட்டி. உள்ளே இப்படி.

நம் உதவி மேசைக்கு வரும் பிரச்சினைகள் இவ்வளவு பெரியவை அல்ல. ஆனால் ஏழை வீட்டுக்கு அதுவே பெரிது. போன மாதம் ஒரு தாயார் மகளின் மடிக்கணினியோடு வந்தார். தையல் வேலை செய்கிறவர். கடையில் வாங்கிய கணினி. திரையில் சிவப்பு நிறத்தில் 'உங்கள் பாதுகாப்பு முடிந்துவிட்டது' என்று வந்திருக்கிறது. பயந்துபோய் ஒரு கடையில் காட்ட, 1,800 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏதோ செய்து கொடுத்திருக்கிறார்கள். கடை எது என்பது இங்கே வேண்டாம். நாங்கள் பார்த்தபோது அதில் இருந்தது, கணினியோடு வந்து சோதனைக் காலம் முடிந்த ஒரு வைரஸ் தடுப்பு மென்பொருள். அதை நீக்கினோம். நீக்கியதும் விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் தானாக வேலை செய்யத் தொடங்கியது. அதற்குக் காசு கிடையாது. சாதாரண வீட்டுக்கு அதுவே போதும். அந்த 1,800 ரூபாய், அந்த வீட்டில் எத்தனை ஜாக்கெட் தைத்த கூலி!

இதேபோல் திரையின் ஓரத்தில் '5 வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டது' என்று அறிவிப்பு வந்துகொண்டே இருப்பதாகச் சொல்கிறவர்கள் அதிகம். அது பெரும்பாலும் வைரஸே இல்லை. ஏதோ ஒரு தளம் 'அறிவிப்பு அனுப்பலாமா?' என்று கேட்டபோது நாம் 'அலோ' அழுத்தியிருப்போம். பிரவுசரின் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்ற இடத்துக்குப் போய் அந்தத் தளத்தை நீக்கினால் தீர்ந்தது.

அடுத்து, பொது இடத்துக் கணினிகள். இ-சேவை மையத்திலோ ஜெராக்ஸ் கடையிலோ விண்ணப்பம் போடும்போது 'பாஸ்வேர்டைச் சேமிக்கட்டுமா?' என்று பிரவுசர் கேட்கும். வேகத்தில் 'சேவ்' அழுத்திவிடுகிறோம், அல்லது கடைத் தம்பி அழுத்திவிடுகிறார். நமக்குப் பிறகு அதே நாற்காலியில் உட்காருகிறவருக்கு நம் கணக்கு திறந்து கிடக்கும். முத்தவல்லிமார்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். சென்ற ஆண்டு வக்ஃப் சொத்து விவரங்களை ஏற்றிய அவசரத்தில், எந்தெந்தக் கடையில் எந்தெந்தக் கணினியில் மஹல்லாவின் இமெயில் திறக்கப்பட்டது என்று யாருக்கு நினைவிருக்கும்? அது தனி ஒருவரின் கணக்கல்ல, அமானத். இன்று வீட்டுக்குப் போனதும் அந்த இமெயிலின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ஜிமெயிலாக இருந்தால் அதன் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தக் கருவிகளில் கணக்கு திறந்திருக்கிறது என்று பட்டியல் காட்டும். தெரியாத கணினி எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். இனி வெளியிடத்தில் உட்கார்ந்தால் முதலில் தனி ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். குரோமில் இன்காக்னிட்டோ, எட்ஜில் இன்பிரைவேட், ஃபயர்ஃபாக்ஸில் பிரைவேட் விண்டோ. வேலை முடிந்து அதை மூடினால், திறந்த கணக்கு அந்த பிரவுசரில் தங்காது. ஆனால் டவுன்லோட் செய்த ஆதார் நகல் கணினியிலேயே கிடக்கும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். இந்தத் தனி ஜன்னல் ஒருவரை உலகத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிடும் என்று நினைக்கும் இளைஞர்கள் சிலரும் இருக்கிறீர்கள். மறைக்காது தம்பி.

500 ரூபாய்க்கு 'கிராக்' போட்ட ஆபீஸ், போட்டோஷாப் ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஏற்றிக்கொள்ள வேண்டாம். பிறர் பொருள் என்பது ஒரு பக்கம். அந்தக் கிராக்கோடு கூடவே எது வருகிறது என்று ஏற்றித் தருகிறவருக்கே தெரியாது என்பது இன்னொரு பக்கம். கட்டுரை எழுத, கணக்குப் போட லிப்ரே ஆபீஸ் என்று இலவசமாக, சட்டப்படி கிடைக்கிறது. பாஸ் லினக்ஸில் அது ஏற்கெனவே இருக்கும், விண்டோஸிலும் ஏற்றிக்கொள்ளலாம்.

கடைசியாக பீரோ மேலே கிடக்கும் பழைய மடிக்கணினிகள். 2011 முதல் வந்தவற்றில் இருந்த விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலேயே பாதுகாப்பு மேம்படுத்தல் நின்றுவிட்டது. 2023 பிப்ரவரியோடு குரோமும் அதைக் கைவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால், அது கேட்கும் பாதுகாப்புச் சிப் பெரும்பாலான பழைய கணினிகளில் இல்லை. இந்தக் கணினிகளில் வங்கிப் பக்கத்தைத் திறக்க வேண்டாம். அதற்காகப் பழைய இரும்புக்குப் போடவும் வேண்டாம். லினக்ஸ் ஏற்றி, ஒரு ஃபயர்ஃபாக்ஸும் லிப்ரே ஆபீஸும் வைத்தால், எட்டாம் வகுப்புப் படிக்கும் தங்கைக்கு இன்னும் சில வருடம் தாராளமாக ஓடும்.

இன்ஷா அல்லாஹ், வரும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் லுஹர் தொழுகைக்குப் பிறகு நம் அலுவலகத்தில் இந்த வேலை நடக்கும். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஐந்து பேர் உட்கார ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கட்டணம் இல்லை. சார்ஜரை மறக்காமல் எடுத்து வாருங்கள். உள்ளே இருக்கும் போட்டோ, சான்றிதழ்களை முன்பே ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிடுங்கள். பாஸ்வேர்டு எதையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கணினியில் ஒட்டிக்கொண்டு வர வேண்டாம், வேண்டும்போது நீங்களே அடித்துக் கொடுத்தால் போதும். பெண் பிள்ளைகளுக்குத் தனி அறை, சொல்லிக் கொடுக்கக் கல்லூரி மாணவிகள் இரண்டு பேர். ஒரு நாளைக்குப் பத்துக் கணினிதான் பார்க்க முடியும். ஆகவே போகும்போது வாசலில் இருக்கும் நோட்டில் பெயரையும் ஊரையும் எழுதிவிட்டுப் போங்கள்.